வீட்டுக் குப்பையிலிருந்து எரு: கம்போஸ்டா, மண்புழு உரமா?

பயிருக்கு உணவளிப்பது நிலம். நிலத்துக்கு உணவளிப்பது எரு. இதை நம் குடியானவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் மாடு கட்டியிருந்த வீடுகளின் கொல்லையில் எருக்குழி ஒன்று இருந்தது. சாணம், தீவனக் கழிவு, அடுப்புச் சாம்பல், சருகு அனைத்தும் அதில் விழுந்து மக்கி, உழவுக்கு முன் வண்டியேறி வயலைச் சென்றடைந்தன. இன்று பல ஊர்களில் மாடுகள் குறைந்துவிட்டன. தொழு உரம் விலை கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை. வீடுகளில் சேரும் கழிவோ குறையவில்லை. காய்கறித் தோலும், மீந்த சோறும், வாழையிலையும் பிளாஸ்டிக் உறைகளோடு கலந்து ஊர்க்கோடியில் மேடாகக் கிடப்பதைப் பார்க்கிறோம்.

இக்கழிவை எருவாக மாற்றும் பணியைப் பல பஞ்சாயத்துக்கள் மேற்கொண்டிருக்கின்றன. தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகச் சென்று குப்பையைப் பெற்று, கொட்டகையில் பிரித்து, சில இடங்களில் கம்போஸ்ட் உரமாகவும் சில இடங்களில் மண்புழு உரமாகவும் ஆக்குகிறார்கள். இவ்விரண்டில் எது தரமானது என்ற வினாவைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் எழுப்புகிறார்கள். உரம் வாங்க வரும் விவசாயிகளும் எழுப்புகிறார்கள். மண்புழு உரமே மேல் என்று சுருக்கமாக விடை கூறிவிடுவது வழக்கம். அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதியையும் அறிந்துகொள்ளாமல் பணத்தையும் உழைப்பையும் செலவிட்டால், கொட்டகையில் உரம் குவிந்திருக்கும். எடுத்துச் செல்லத்தான் ஆள் இருக்க மாட்டார்கள். ஆகவே இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இரண்டும் உண்டாகும் விதம்

கம்போஸ்ட் உரத்தை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஈரமும் காற்றும் தக்க அளவில் உள்ள குவியலில் அவை பெருகி, கழிவைத் தின்று, வெப்பத்தை வெளியிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாத குவியலில் அந்த வெப்பம் வெளியேறாமல் தங்கும். சில நாட்களில் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடாகும். இச்சூட்டில் களை விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். நோய்க் கிருமிகளும், குடற்புழுக்களின் முட்டைகளும், ஈயின் புழுக்களும் அழியும். குவியலின் ஓரத்தில் உள்ளவை நடுவுக்கு வந்து சூடுபடுவதற்காகவே அதைப் பலமுறை புரட்டிப் போடுகிறோம்.

இம்முறையை ஒழுங்குபடுத்தியதில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, இந்தியக் குடியானவர்களின் பழக்கங்களையும் கவனித்து, குவியலைப் புரட்டிப் போட்டு ஏறத்தாழ மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். அதுவே இந்தூர் முறை என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆச்சார்யா என்பவர் வகுத்தது பெங்களூர் முறை. இதில் குழியை நிரப்பி மண்ணால் மெழுகி மூடிவிடுவார்கள். புரட்டும் வேலை இல்லை. ஆனால் உரம் ஆக ஆறு முதல் எட்டு மாதங்கள் பிடிக்கும்.

மண்புழு உரம் வேறு வழியில் உண்டாகிறது. பாதி மக்கிய கழிவைப் புழு விழுங்குகிறது. அதன் அரைவைப் பை அதை மாவாக அரைக்கிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மேலும் மாற்றுகின்றன. இறுதியில் குருணை குருணையாக எச்சம் வெளிவருகிறது. மண்புழுக்கள் நிலத்துக்குச் செய்யும் தொண்டை 1881-இல் சார்லஸ் டார்வின் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். உரம் செய்வதற்கென்று இன்று ஆப்பிரிக்க மண்புழுவும், சிவப்பு மண்புழுவும், நம் நாட்டிலேயே காணப்படும் பெரியோனிக்ஸ் என்ற இனமும் வளர்க்கப்படுகின்றன. இவை மேற்பரப்பில் கழிவைத் தின்று வாழும் இனங்கள். நம் வயல் மண்ணைத் துளைத்து உழும் மண்புழுக்கள் வேறு. உரப் புழுக்களை வெறும் வயலில் விட்டால் தீனியின்றி மடியும். அவற்றைத் தொட்டியில் வைத்துப் பேணி, உரத்தை மட்டும் வயலுக்கு அனுப்புவதே முறை.

இங்கே முக்கியமான வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்போஸ்ட் குவியலுக்குச் சூடு உயிர். மண்புழுவுக்கோ சூடு எமன். வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் புழுக்கள் ஓட முயலும். ஓட வழியில்லையேல் இறக்கும். ஆகவே மண்புழுத் தொட்டியில் சூடேறும் கட்டம் என்பதே கிடையாது. இரண்டு எருக்களின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

சத்தின் கணக்கு

மண்புழு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. கழிவில் இருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எவ்வளவோ, அதற்கு மேல் ஒரு குண்டுமணியளவும் எருவில் வராது. மக்கும்போது கழிவிலுள்ள கரிமம் காற்றோடு போய்விடுவதால் எடை குறைகிறது. எஞ்சிய பொருளில் சத்தின் விகிதம் கூடுகிறது. இது இருவகை எருவுக்கும் பொது. நுண்மையாக அரைக்கப்படுவதாலும், சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளத்தக்க நிலைக்கு மாறிவிடுவதாலும் மண்புழு உரத்துக்கு ஓரளவு முந்துரிமை கிடைக்கிறது. கம்போஸ்ட் குவியலில் ஈரக்கழிவு மிகுந்து சருகு குறைந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகும். மூக்கைத் துளைக்கும் நெடியே அதற்குச் சாட்சி. கூரையில்லாத குழியில் மழை பெய்தால் கரையக்கூடிய சத்து நீரோடு இறங்கிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஈரம் நீக்கிய எடையில் கம்போஸ்டில் 1 சதவிகிதமும் மண்புழு உரத்தில் 1½ சதவிகிதமும் தழைச்சத்து இருப்பதாகக் கொள்வோம். ஈரம் 20 சதவிகிதம் உள்ள ஒரு டன் கம்போஸ்டில் உலர்ந்த பொருள் 800 கிலோ. அதில் தழைச்சத்து 8 கிலோ. அதே ஈரமுள்ள ஒரு டன் மண்புழு உரத்தில் 12 கிலோ. ஆனால் மண்புழு உரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடேயே, 50 சதவிகித ஈரமாக, மூட்டை கட்டிக் கொடுத்தால் உலர்ந்த பொருள் 500 கிலோதான். தழைச்சத்து 7½ கிலோதான். அதாவது ஈர மண்புழு உரத்தை விட உலர்ந்த கம்போஸ்டே மேல் என்றாகிறது! வாங்குபவர் பெயரைப் பார்த்து விலை கொடுத்து, நீரைச் சுமந்து செல்கிறார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய 20½ கிலோ, தழைச்சத்து இருக்கிறது. ஒரு டன் மண்புழு உரத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. ஆகவே தழைச்சத்தை மட்டும் எண்ணி எருவை மதிப்பிடுவது முறையன்று. எரு மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது; நீரைப் பிடித்து வைக்கிறது; நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது; நுண்ணூட்டச் சத்துக்களைச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. யூரியா இவற்றைச் செய்யாது. இட்ட உரம் மண்ணில் நின்று பயிருக்குப் போய்ச் சேருவதற்கும் மண்ணில் மக்கு இருந்தாக வேண்டும்.

தரம் என்பது எதில் இருக்கிறது?

சத்து தரத்தின் ஒரு பகுதியே. வேறு நான்கு குணங்களையும் பார்த்தே தரத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, பக்குவம். முற்றிலும் மக்காத எருவை வயலில் இட்டால், அது அங்கே மக்கத் தொடங்கி, மண்ணிலுள்ள தழைச்சத்தையே தனக்கு எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். கழிவு மக்கத் தொடங்கும்போது கரிமம் தழைச்சத்தைப் போல் 25 முதல் 30 மடங்கு இருப்பது நல்லது; முடிவில் அது 20 மடங்குக்குக் கீழ் வந்திருக்க வேண்டும். பக்குவத்தில் மண்புழு உரம் பெரும்பாலும் முந்தி நிற்கிறது.

இரண்டாவது, களை விதையும் கிருமியும். இதில் நன்கு சூடேறிய கம்போஸ்டே முந்துகிறது. தக்காளி, மிளகாய், பரங்கி விதைகள் புழுத் தொட்டியைக் கடந்தும் உயிரோடு வந்து பாத்தியில் முளைப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். தக்காளி விதை தப்பும் இடத்தில் களை விதையும் தப்பும். கிருமிகள் புழுத் தொட்டியில் குறைவதுண்டு. ஆனால் சூட்டினால் கிடைக்கும் உறுதி அங்கே இல்லை.

மூன்றாவது, உப்பு. ஊறுகாய், குழம்பு, கருவாட்டுக் கழிவு ஆகியவற்றில் உள்ள உப்பு மக்கி மறைவதில்லை. எடை குறையக் குறைய எருவில் செறிகிறது. உப்பு மிகுந்த எரு நாற்றின் வேரைக் கருக்கும், புழுக்களுக்கும் ஆகாது.

நான்காவது, அந்நியப் பொருள். கண்ணாடித் துண்டும், சவர அலகும், பிளாஸ்டிக் கிழிசலும் எந்த முறையிலும் மக்குவதில்லை. நாற்று நடும் பெண்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார்கள். ஒருவர் காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறினால் போதும். அவ்வூரில் அந்தப் பஞ்சாயத்து எருவை மறுபடி யாரும் தொடமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. மின்கலம், வர்ண டப்பா, குழல் விளக்கு ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் எருவில் கலக்கலாம். உப்பைப் போலவே இவையும் அழியாமல் செறிகின்றன. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இல் இயற்கை உரங்கள் 2006-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டபோது இவற்றுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. நகரக் கம்போஸ்டாயினும் மண்புழு உரமாயினும் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது என்பது அவ்வரம்பு.

இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகும். பக்குவத்திலும் நுண்மையிலும் மண்புழு உரம் மேல். தூய்மையிலும் பேரளவில் செய்யும் எளிமையிலும் கம்போஸ்ட் மேல். உப்பையும் அந்நியப் பொருளையும் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. அந்தத் தரம் வீட்டு வாசலில் குப்பையைப் பிரிக்கும்போதே நிர்ணயமாகிவிடுகிறது.

இரண்டையும் இணைக்கும் முறை

ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் சூடேற்றி, பிறகு புழுவிடம் ஒப்படைத்தால் இரண்டின் நன்மையும் கிட்டும். அதன் படிகள் வருமாறு:

1. மட்கும் கழிவை மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய துண்டுகளை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் நறுக்குக. ஈரக்கழிவு ஒரு கூடைக்கு உலர்ந்த சருகோ வைக்கோலோ ஒரு கூடையேனும் கலந்து, சாணிக் கரைசல் தெளிக்கவும்.

2. கூரையின் கீழ் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிக்கவும். பிழிந்த துணியைப் போல் ஈரம் இருந்தால் போதும். கையில் அழுத்தினால் நீர் சொட்டலாகாது.

3. குவியலின் நடுவே இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வைத்து, நாள்தோறும் உருவித் தொட்டுப் பார்க்கவும். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை சரியாக நடக்கிறது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை புரட்டவும். 15 முதல் 20 நாட்கள் இவ்வாறு செய்க.

4. புரட்டியும் சூடேறாத நிலை வந்ததும், ஆறவைத்து, புழுத் தொட்டியில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேற்படாமல் பரப்பவும். முதலில் ஒரு கைப்பிடிப் புழுக்களை விட்டுப் பார்த்து, அவை உள்ளே இறங்கினால், சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வீதம் விடவும்.

5. ஈரச் சாக்கினால் மூடி, நிழலில் வைத்து, நாள்தோறும் அளவாக நீர் தெளிக்கவும். எறும்பு ஏறாதிருக்கத் தொட்டியைச் சுற்றி நீர் வாய்க்கால் அமைக்கவும். எலியும் கோழியும் அணுகாமல் வலை போடவும்.

6. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் மேற்பரப்பு தேயிலைத் தூள் போலக் கறுத்துவிடும். நீர் தெளிப்பதை நிறுத்தினால் புழுக்கள் கீழே இறங்கும். மேலுள்ள உரத்தை வழித்தெடுத்து, நிழலில் உலர்த்தி, 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கவும். கடும் வெயிலில் காயவைத்தால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும்.

விவசாயி தாமே செய்யும் சோதனைகள்

எருவை வாங்குமுன் பின்வரும் சோதனைகளை எவரும் செய்யலாம்.

முகர்ந்து பார்த்தல்: முதல் மழையில் எழும் மண் வாசனை இருந்தால் நன்று. புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ இருந்தால் எரு பக்குவமாகவில்லை.

பை கட்டுதல்: ஈரமான எருவை ஒரு கைப்பிடி எடுத்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கவும். பை உப்பினாலும், அவிழ்த்ததும் நாற்றம் வீசினாலும் இன்னும் மக்க வேண்டும்.

களை பார்த்தல்: எருவை மட்டும் ஒரு சட்டியில் நிரப்பி, எதையும் விதைக்காமல், இரண்டு வாரம் நீர் ஊற்றி வரவும். முளைப்பவற்றை எண்ணினால் வயலில் வரப்போகும் களையெடுப்புக் கூலியை ஊகிக்கலாம்.

முளைப்புச் சோதனை: பாதி எருவும் பாதி மண்ணும் கலந்த ஒரு சட்டியிலும், வெறும் மண் நிரப்பிய ஒரு சட்டியிலும் பத்துப் பத்துப் பாசிப்பயறு விதைக்கவும். எருச் சட்டியில் முளைப்புக் குன்றினாலோ, இலை ஓரம் கருகினாலோ உப்போ பக்குவக் குறைவோ உண்டு.

கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் சல்லடை காட்டிக் கொடுக்கும். உலோகங்களையும் சத்தின் அளவையும் அறிய ஆய்வுக்கூடச் சோதனையே வழி. அதற்கான யோசனையை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

எதை எங்கே இடுவது?

நாற்றங்கால், காய்கறி, மலர்ச் செடி, பழக்கன்றுகளின் குழி ஆகியவற்றுக்கு மண்புழு உரம் ஏற்றது. பரந்த நிலத்துக்குக் கடைசி உழவின்போது கம்போஸ்ட் இடலாம். தொழு உரம் எக்டேருக்கு 12½ டன், அதாவது ஏக்கருக்கு 5 டன், என்றும், மண்புழு உரம் எக்டேருக்கு 5 டன், அதாவது ஏக்கருக்கு 2 டன், என்றும் பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுகிறது.

இந்த அளவை வைத்துப் பஞ்சாயத்தின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 400 வீடுகள் உள்ள ஊரில், வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ மட்கும் கழிவு என்றால் மாதம் 6 டன். அதில் கால் பங்கு எருவானால் மாதம் 1½ டன்; ஆண்டுக்கு 18 டன். ஏக்கருக்கு 2 டன் வீதம் இது 9 ஏக்கருக்குத்தான் போதும். ஊர் நிலம் முழுவதையும் வளப்படுத்த இது போதாது. அளவில் சிறிதாகையால், தரத்தில் உயர்ந்ததாக இருந்தால்தான் இதைத் தேடி வருவார்கள். காய்கறி பயிரிடுவோரும் நாற்றங்கால் வைப்போரும் முன்பணம் கொடுத்துக்கூட வாங்குவார்கள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை

ஒன்று: மட்கும் குப்பை, மட்காத குப்பை, அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தராத வீட்டின் குப்பையை உரக் குழிக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம் செய்தல். சாக்கடை மண்ணையும் தெருக் கூட்டிய மண்ணையும் குழியில் சேர்க்கலாகாது.

இரண்டு: ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து, நிரப்பிய தேதி, புரட்டிய தேதி, புழு விட்ட தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்தல். இடம் போதவில்லை என்பதற்காகப் பக்குவமாகாத எருவை அள்ளுவதை இப்பதிவேடு தடுக்கும்.

மூன்று: ஆண்டுக்கு ஒருமுறையேனும் எருவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவைக் கொட்டகை வாசலில் எழுதி ஒட்டுதல்.

நான்கு: பிரிக்கும் பணியில் உள்ள தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலணியும் தவறாமல் அளித்தல். வயலில் நடுபவரின் காலைக் காக்கும் வேலையை முதலில் செய்பவை அவர்களுடைய கைகளே.

ஐந்து: முதல் சலிப்பில் கிடைக்கும் எருவைக் கொண்டு, பொதுஇடத்திலோ பள்ளித் தோட்டத்திலோ கம்போஸ்ட் இட்ட பாத்தி, மண்புழு உரம் இட்ட பாத்தி, எதுவும் இடாத பாத்தி என மூன்று பாத்திகள் அமைத்துக் கீரை விதைத்தல். ஊரார் தம் கண்ணாலேயே கண்டு தீர்ப்புக் கூறட்டும்.

குப்பை நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கும். அதை மேடாகக் கிடக்க விடுவதும், நிலத்துக்கு உணவாக்குவதும் நம் ஊராரின் கையில் இருக்கிறது. வீட்டார் பிரித்துக் கொடுத்து, காவலர்கள் பொறுமையோடு பக்குவம் செய்து, விவசாயி சோதித்து வாங்கினால், கம்போஸ்டோ மண்புழு உரமோ, எதுவாயினும் அது நம்பி வயலில் இடத்தக்க நல்லெருவாக இருக்கும்.